தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறைய வேண்டும்தானே? ஏன் குறைவதில்லை?

தெருவிளக்கு:

கொஞ்சம் குழப்பமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள். கொலை, கொள்ளை என்று எந்தச் செய்தி வந்தாலும் அதன் கீழே முக்கால்வாசிப் பேர் எழுதுவது ஒன்றுதான்: தூக்கில் போடு, கையை வெட்டு, நடுரோட்டில் நிற்க வைத்துச் சுடு, அப்போதுதான் அடுத்தவனுக்குப் பயம் வரும். என் பாதி மனசும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. மரண தண்டனை ஆயிரக்கணக்கான வருடமாக இருக்கிறது, கழுவில் ஏற்றியிருக்கிறார்கள், யானைக் காலில் இட்டிருக்கிறார்கள், ஊரைக் கூட்டி வைத்துத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். பயம்தான் மருந்து என்றால் இத்தனை காலத்தில் குணமாகியிருக்க வேண்டுமே?

இன்னொரு பக்கம், "ஏழ்மைதான் காரணம், சமூகம்தான் உண்மையான குற்றவாளி" என்று பேசுகிறவர்களைக் கேட்டாலும் எரிச்சல் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர். ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம், குடித்துவிட்டு வந்து அடிக்கிற ஒரே அப்பா. அண்ணன் அடிதடி வழக்குகளில் ஜெயிலுக்கும் வீட்டுக்குமாக அலைகிறான், தம்பி கணக்கு வாத்தியார். ஏழ்மை காரணம் என்றால் தம்பி ஏன் அந்தப் பக்கம் போகவில்லை?

ஆக, ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான் என்பதை யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா, இல்லை ஆளாளுக்கு அவரவர் அரசியலைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோமா? தண்டனையைக் கூட்டுவது ஏன் வேலைக்கு ஆவதில்லை? அப்புறம், காரணம் சொல்லப் போனாலே குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குவது மாதிரி ஆகிவிடுகிறதே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது. இணைப்பு கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

---

வாய்தா:

கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். தண்டனைக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தண்டனை எவ்வளவு பெரியது என்பது ஒன்று, அது கிடைப்பது எவ்வளவு நிச்சயம் என்பது வேறொன்று. டிவி விவாதத்தில் பேசுவதெல்லாம் முதலாவதைப் பற்றி, ஆளைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இரண்டாவது. இது இன்றைக்கு நேற்றைக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. 1764-ல் மிலான் நகரத்தைச் சேர்ந்த செசாரே பெக்காரியா என்ற 26 வயது ஆள் எழுதிவிட்டார்: தப்பவே முடியாது என்றால் மிதமான தண்டனைகூடப் பயமுறுத்தும், தப்பிவிடலாம் என்ற நப்பாசை இருந்தால் எவ்வளவு கொடூரமான தண்டனையும் பயமுறுத்தாது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கின்றன.

என் அனுபவத்திலும் அப்படித்தான். இந்தப் பிரிவுக்கு ஏழு வருடமா பத்து வருடமா என்று பார்த்துவிட்டு இறங்கினேன் என்று ஒரு கட்சிக்காரர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. நிறையப் பேர் போதையில் செய்தவர்கள், ஆத்திரத்தில் செய்தவர்கள், அந்த நேரத்தில் அடுத்த பத்து நிமிடத்தைக்கூட யோசிக்காதவர்கள். மற்றவர்கள் யோசித்துத்தான் செய்கிறார்கள், ஆனால் அவர்கள் யோசிப்பது மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்பதை. மாட்டமாட்டோம் என்று முடிவு கட்டியவனுக்கு ஐந்து வருடமும் ஒன்றுதான், ஐம்பது வருடமும் ஒன்றுதான், இரண்டுமே வேறு யாருக்கோ உள்ளது. பிடிபட்ட பிறகு முதல் சந்திப்பில் என்னிடம் கேட்பதும் "எத்தனை வருடம் கிடைக்கும்" என்று இல்லை, "சார், எப்போ வீட்டுக்குப் போகலாம்" என்றுதான்.

நீங்கள் ஆயிரம் வருட வரலாறு கேட்டீர்கள், எனக்குப் பிடித்த ஒரு பகுதியைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 200-க்கும் மேல். ஒரு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. என்ன நடந்தது தெரியுமா? ஜூரியில் உட்கார்ந்திருந்தவர்களும் மனிதர்கள்தானே, துணி திருடிய ஒரு வேலைக்காரப் பெண்ணைத் தூக்குக்கு அனுப்ப அவர்களுக்கு மனசு வரவில்லை. அதனால் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பில் எழுதினார்கள். அதைவிடப் பல மடங்கு விலை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் 39. கள்ளக் கையெழுத்து, கள்ள நோட்டு வழக்குகளிலும் இதே கதை, தண்டனை தூக்கு என்பதாலேயே ஜூரிகள் விடுதலை செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் 1830-ல் வங்கியாளர்களே நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள், இதற்குத் தூக்கு வேண்டாம், தண்டனை அளவாக இருந்தால்தான் எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு என்று. பறிகொடுத்தவனே தண்டனையைக் குறைக்கச் சொல்கிறான்! தண்டனையை ஏற்ற ஏற்ற அதன் நிச்சயம் இறங்கிவிடுகிறது. புகார் கொடுப்பவர் தயங்குவார், சாட்சி பின்வாங்குவார், நீதிபதி சந்தேகத்தின் பலனைத் தாராளமாகக் கொடுப்பார்.

இன்னொரு எல்லையையும் பாருங்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா 1994-ல் மூன்றாவது முறை மாட்டினால் 25 வருடம் முதல் ஆயுள் வரை என்று சட்டம் போட்டது. ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியதற்காக அந்தத் தண்டனை வாங்கினார், 2003-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2012-ல் கலிஃபோர்னியா வாக்காளர்களே சட்டத்தைத் திருத்தி, மூன்றாவது குற்றமும் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள்.

என் புனைபெயரைப் பார்த்தீர்கள் அல்லவா. என்னைக் கேட்டால் தண்டனையின் அளவை ஏற்றுவதைவிட வழக்கைச் சீக்கிரம் முடிப்பது மேல். 19 வயதில் செய்ததற்கு 27 வயதில் தீர்ப்பு வந்தால், தண்டனை வாங்குவது கிட்டத்தட்ட வேறு ஒரு ஆள். அதற்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பு அவனுக்கே மறந்துபோயிருக்கும்.

---

கறார்:

அடியாத மாடு படியாது. இவ்வளவு நீளமாக எழுதி என்ன சொல்ல வருகிறீர்கள், தண்டனையே வேண்டாம் என்கிறீர்களா? வங்கிக்காரன் மனுப் போட்டானாம், ஜூரி இரக்கப்பட்டானாம். செத்தவன் வீட்டுக்காரன் மனுப் போட்டால் யார் வாங்குகிறார்கள்? ஏன் செய்தான், அவன் சின்ன வயசில் என்ன கஷ்டப்பட்டான் என்று ஆராய ஆயிரம் பேர் இருக்கிறீர்கள், வெட்டுப்பட்டவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. உள்ளே இருக்கிற வரைக்கும் அவன் வெளியே எவனையும் தொட முடியாது, எனக்கு அது போதும்.

---

அரைப்பக்கம்:

கறார் சொன்ன கடைசி வரி சரிதான், உள்ளே இருக்கிறவன் வெளியே குற்றம் செய்ய முடியாது. யாரை எத்தனை நாள் உள்ளே வைப்பது என்பதில்தான் சிக்கல், அதற்குப் பிறகு வருகிறேன். குற்றவியல் பாடம் எடுப்பது என் பிழைப்பு. முதலில் அந்த அண்ணன் தம்பி.

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முயன்றவர்கள் எல்லோரும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். 1876-ல் லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர், குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்தால் தெரிந்துவிடும் என்றார். ஐரோப்பா முழுக்கக் கைதட்டினார்கள். பின்னால் கைதிகளையும் சாதாரண மக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தபோது அப்படி எந்த வித்தியாசமும் நிற்கவில்லை. சரி, ஏழ்மை என்றார்கள். 1939-ல் எட்வின் சதர்லேண்ட் என்ற சமூகவியலாளர் எழுந்து, கோட்டு சூட்டு போட்ட கம்பெனி முதலாளிகள் செய்யும் மோசடியை ஏன் யாரும் குற்றக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏழ்மைதான் காரணம் என்றால் இவர்கள் எந்த ஏழ்மையில் செய்தார்கள் என்று கேட்டார். இன்று வரை அந்தக் கேள்விக்கு மழுப்பல்தான் பதில். பேருந்தில் பர்ஸ் அடித்தவன் முகம் நமக்குத் தெரியும், ஆயிரம் பேரின் சேமிப்பை விழுங்கியவன் முகம் தெரியாது, அவனைத் தூக்கில் போடச் சொல்லி யாரும் கீழே எழுதுவதும் இல்லை.

இதற்கு நடுவே 1938-ல் ராபர்ட் மெர்ட்டன் சொன்னதில் ஒரு கூர்மை இருக்கிறது. பணம், பெயர், வெற்றி இவைதான் வாழ்க்கை என்று எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்திவிட்டு, அதை அடையும் நேர்வழியை மட்டும் சிலருக்குத் திறந்து வைத்தால், மிச்சம் இருப்பவர்களில் ஒரு பகுதி குறுக்குவழி தேடும். வெறும் இல்லாமை இல்லை, இருக்கிறவனோடு ஒப்பிட்டுப் பார்க்கிற இல்லாமை. ஆனாலும் இதுவும் தம்பியை விளக்கவில்லை.

தம்பியை விளக்க வேண்டுமானால் ஆட்களைப் பிறந்ததிலிருந்து பின்தொடர வேண்டும், அப்படியும் செய்திருக்கிறார்கள். ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் கவனித்தார்கள். வறுமை, குடிகார அப்பா, மனநோய் உள்ள அம்மா என்று எல்லாப் பக்கமும் அடி வாங்கிய பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, நிதானமான, பொறுப்பான பெரியவர்களாக வளர்ந்து நின்றார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, பெற்றோர் சரியில்லை என்றாலும் தாத்தா பாட்டி, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் என்று விட்டுக்கொடுக்காத ஒரே ஒரு பெரிய ஆளாவது இருந்தது. ஒரே வீடு என்கிறீர்கள், ஆனால் அந்த வீடு இருவருக்கும் ஒன்றாக இருந்திருக்காது. அப்பாவின் அடியை முதலில் வாங்கியது யார், யாருக்கு எந்த வயசில் எந்தச் சேர்க்கை, யாருடைய நோட்டில் எந்த வாத்தியார் "நன்று" என்று எழுதினார், இதெல்லாம் தனித்தனி. பிறவிக் குணத்திலும் வித்தியாசம் உண்டு, பொறுமை இல்லாத பிள்ளை, பதறுகிற பிள்ளை என்று. கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான், அதைச் சொல்ல என் துறையில் பலருக்கு வாய் வருவதில்லை.

இப்போது கறாருக்கு. 1945-ல் பிறந்து, பத்து வயதிலிருந்தாவது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் வளர்ந்த 9,945 பையன்களின் போலீஸ் பதிவுகளை 18 வயது வரை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவனுக்கும் மேல் ஏதோ ஒரு முறையாவது போலீஸ் பதிவில் இருந்தான். ஆனால் வெறும் 627 பேர், அதாவது 6 சதவீதம், மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். பதிவில் இருந்த மற்றவர்கள் ஒன்றிலிருந்து நான்குக்குள் நிறுத்திக்கொண்டவர்கள். 1993-ல் டெர்ரி மோஃபிட் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்: விடலைப் பருவத்தில் தொடங்கி இருபதுகளில் தானாக அடங்கிவிடும் பெருங்கூட்டம் ஒன்று, மூன்று நான்கு வயசிலேயே அடையாளம் தெரிந்து வாழ்நாள் முழுக்கத் தொடரும் சிறுகூட்டம் ஒன்று. கடுமையான சட்டம் போடும்போது வலையில் விழுவது பெரும்பாலும் முதல் கூட்டம், ஏனென்றால் அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், புத்திசாலித்தனமாகத் தப்பவும் தெரியாதவர்கள். தானாக நிறுத்தியிருக்க வேண்டியவனை ஐந்து வருடம் உள்ளே வைத்து, நிறுத்தாதவர்களோடு படுக்க வைத்து அனுப்புகிறோம்.

வக்காலத்துக் கேள்விக்கு: நான் வகுப்பில் இதை இரண்டாகப் பிரித்துவிடுவேன். இந்த ஆள், இந்த நாள், இந்தக் கத்திக்குத்து, இதற்கு யார் பொறுப்பு என்பது ஒரு கேள்வி. பதில்: அவன்தான், அவன் பொறுப்பு. இந்த மாதிரிப் பின்னணியில் ஆயிரம் பேர் வளர்ந்தால் எத்தனை பேர் கத்தி எடுப்பார்கள், அந்த எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வி நீதிமன்றத்துக்கு, இரண்டாவது அரசாங்கத்துக்கு. நாம் சண்டை போடுவதெல்லாம் ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவதுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால்.

---

தெருவிளக்கு:

ரொம்ப நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் இருபதுகளில் தானாக அடங்கும் என்பது நம்ப முடியவில்லையே, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே? அப்படியே அடங்கும் என்றால் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் மறுபடி மறுபடி ஏன் உள்ளே போகிறார்கள்? அந்த அண்ணனுக்கே இப்போது நாற்பது நெருங்குகிறது.

---

சுமதி:

கறார் அண்ணா, வெட்டுப்பட்டவர் பக்கம் கேட்க ஆளில்லை என்றீர்களே, நான் அந்தப் பக்கத்து ஆள்தான். வெட்டு இல்லை, வீடு புகுந்து திருட்டு. நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்து, பீரோவைத் திறந்து, துணியை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் தரையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போன நகையைவிட அந்தத் துணிக்குவியல்தான் என்னைப் பல மாதம் தூங்கவிடவில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறான், நான் கண் விழித்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று.

ஆள் பிடிபட்டான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அவனை அடித்துக் கொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது, அது தப்பு என்றும் நினைக்கவில்லை. ஆனால் வழக்கு ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது, அந்த வழக்கில் எனக்கு வேலையே இல்லை. அரசாங்கத்துக்கும் அவனுக்கும்தான் வழக்கு, நான் வெறும் சாட்சி. வரச் சொன்னால் போக வேண்டும், பொருளை அடையாளம் காட்ட வேண்டும், கேட்டதற்கு ஆமாம் இல்லை என்று சொல்ல வேண்டும். நான் கேட்க நினைத்தது ஒன்றுதான்: எங்கள் வீட்டை ஏன் தேர்ந்தெடுத்தாய், எங்களை எத்தனை நாள் நோட்டம் விட்டாய், மறுபடி வருவாயா? அதைக் கேட்க அங்கே இடமே இல்லை. அவனுக்குத் தண்டனை கிடைத்தது என்று எனக்குத் தகவல் சொல்லக்கூட ஆளில்லை, நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இன்னும் கூடுதலாக இரண்டு வருடம் கொடுத்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்குமா? வந்திருக்காது.

நியூசிலாந்தில் 1989-லிருந்து சிறார் வழக்குகளில் ஒரு முறை இருக்கிறது. தப்புச் செய்த பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, என்ன நடந்தது, இதை எப்படிச் சரிசெய்வது என்று பேசி முடிவெடுப்பார்கள். மாவோரி மக்களின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்தது என்று படித்தேன். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் போகலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். கொலை, பாலியல் கொடுமை மாதிரி விஷயங்களில் இது எவ்வளவு தூரம் சரிவரும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான், அவரவர் மனசு. ஆனால் எனக்கு அப்படி ஒரு அறை கிடைத்திருந்தால் கட்டாயம் போயிருப்பேன். அவனை மன்னிக்கவெல்லாம் இல்லை, அந்த மூன்று கேள்வியைக் கேட்க.

---

மறுவாசல்:

தெருவிளக்கு, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். விடுதலையாகி வருகிறவர்களோடு வேலை செய்கிறேன், பெயர் ஊர் வேண்டாம்.

ஒருவன் வெளியே வரும் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கையில் ஒரு பை, அதில் பிடிபட்ட அன்று போட்டிருந்த சட்டை, இப்போது உடம்பில் ஏறாது. பழைய போன் உயிரோடு இல்லை, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரும் மாறிவிட்டது. அடையாள அட்டை காலாவதி. வேலைக்குப் போனால் விண்ணப்பத்தில் "உங்கள் மீது வழக்கு உண்டா" என்று ஒரு கட்டம், அதில் ஆம் என்று டிக் போட்டால் அந்தத் தாள் குப்பைக்கு, இல்லை என்று போட்டால் பொய். வீடு வாடகைக்குக் கொடுக்க மாட்டார்கள். "வாடா, எங்கே தங்கியிருக்கிறாய், சாப்பிட்டாயா" என்று கேட்டு வருகிற ஒரே கூட்டம் பழைய கூட்டம். அவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்விக்கே நான் போகவில்லை, அந்த முதல் சில வாரம் மட்டும் எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணிக்கை வேண்டுமா, அமெரிக்காவில் 2005-ல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்தார்கள், மூன்று வருடத்துக்குள் 68 சதவீதம் பேர் மறுபடி கைதானார்கள், ஒன்பது வருடத்தில் 83 சதவீதம். நார்வேயில் இரண்டு வருடத்துக்குள் மறுபடி தண்டனை பெறுபவர்கள் சுமார் 20 சதவீதம் என்பார்கள். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துக் குதிக்கக் கூடாது, ஒன்று கைது, மற்றது தண்டனை, கால அளவும் வேறு, உள்ளே போகிற ஆட்களும் வேறு. ஆனாலும் நார்வே செய்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. சுதந்திரத்தைப் பறிப்பதுதான் தண்டனை, அதற்கு மேல் அவமானம் எதுவும் தண்டனையில் சேராது, இந்த ஆள் நாளைக்கு யாரோ ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனாகப் போகிறான் என்பதை மனசில் வைத்துத்தான் உள்ளே நடத்துகிறார்கள். படிப்பு, தொழில், சமையல், எல்லாம் அங்கேயே.

தொட்டில் பழக்கம் பற்றி. 1940-வாக்கில் பாஸ்டன் பக்கம் சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பையன்களின் பழைய கோப்புகளை எடுத்து, அவர்களில் பலரை எழுபது வயது வரை தேடிப்பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். சிலர் இருபதுகளில், சிலர் நாற்பதுகளில். எது நிறுத்தியது என்று பார்த்தால் கல்யாணம், நிலையான வேலை, ராணுவம், ஊர் மாறிப் போனது. பெரிய ஞானோதயம் எதுவும் இல்லை, இழக்க ஏதோ ஒன்று கிடைத்தது, சாயங்காலம் எங்கே இருக்கிறாய் என்று கேட்க ஒரு ஆள் கிடைத்தது. நாம் முத்திரை குத்தி வேலையையும் வீட்டையும் அடைக்கும்போது எந்தக் கதவு வழியாக அவன் வெளியேறுவானோ அதைத்தான் அடைக்கிறோம்.

முத்திரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் வரலாறே சாட்சி. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான், 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது, 1952-ல்தான் நாடு முழுக்க ஒழிந்தது. ஒரு சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி, ரேகை பதி, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படு. யாரோ ஒருவன் செய்ததற்குப் பிறக்காத பிள்ளை வரை தண்டனை. சட்டம் போய் எழுபது வருடம் தாண்டிவிட்டது, சந்தேகப் பார்வை இன்னும் முழுசாகப் போகவில்லை.

---

கறார்:

சுமதி, உங்களுக்கு நடந்தது கொடுமை, அதில் வாதம் இல்லை. ஆனால் மற்றவர்கள் எல்லோரும் திருடன், விடலைப் பையன் என்றே பேசுகிறீர்கள். சின்னக் குழந்தையைக் கெடுத்துக் கொன்றவன் இருக்கிறான், கூலிக்கு ஆள் வெட்டுகிறவன் இருக்கிறான். அவனுக்கும் சமையல் கற்றுக்கொடுத்து அனுப்பலாமா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

---

வாய்தா:

நேராகவே சொல்கிறேன். சிலரை வெளியே விடக் கூடாது. நார்வேயிலும் பெரும்பாலான குற்றங்களுக்கு உச்சம் 21 வருடம் என்றாலும், ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் தடுப்புக்காவலாக ஐந்து ஐந்து வருடமாக நீட்டிக்கொண்டே போகலாம், சாகும் வரைகூட. அந்த ஆட்களுக்காகச் சிறை இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. அந்தச் சில பேரை மனசில் வைத்து எழுதுகிற சட்டத்தை, நீதிமன்ற வராந்தாவில் நான் தினமும் பார்க்கிற அந்த நூறு பேர் மேல் போடுவதுதான் என் சண்டை.

கூலிக்கு வெட்டுகிற கும்பல்களுக்கும் ஒரு உதாரணம் உண்டு. பாஸ்டனில் 1996-ல் இளைஞர் கும்பல்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் கூட்டத்தில் ஒருவன் சுட்டாலும் மொத்தக் கூட்டத்தின் மேலும் எல்லா வழக்கையும் எடுப்போம், இன்றைக்கே விடுகிறவனுக்கு வேலை, படிப்பு, உதவி எல்லாம் இதோ இந்த மேஜையில் என்று நேரடியாகச் சொன்னார்கள், சொன்னதைச் செய்தும் காட்டினார்கள். இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பீடு. அதில் மிரட்டலும் இருந்தது பாருங்கள். ஆனால் யாருக்கு, எதற்கு, எப்போது என்று தெளிவாகச் சொன்ன மிரட்டல். அதே அமெரிக்காவில் 1970-களில் பையன்களை ஜெயிலுக்குக் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டுக் கத்த வைத்துப் பயம் காட்டினார்கள், பின்னால் ஆராய்ந்தால் அப்படிப் போய் வந்த பையன்கள்தான் போகாதவர்களைவிட அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். உங்கள் மாட்டுப் பழமொழி அங்கே எடுபடவில்லை.

---

திருப்புளி:

எல்லோரும் மனசைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பூட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! நான் இன்ஜினியர், எனக்கு மனசு புரியாது. கோஹன், ஃபெல்சன் என்று இரண்டு பேர் 1979-ல் சொன்னது மட்டும்தான் புரிகிறது: செய்ய நினைக்கிற ஆள், எடுக்க வசதியான பொருள், பார்க்க ஆளில்லாத நேரம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் குற்றம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வசதி பெருகியும் திருட்டு ஏன் கூடியது என்று பார்த்தால், பகலில் எல்லோரும் வேலைக்குப் போய் வீடு காலி, டிவி முதலான சாமான்கள் தூக்கிக்கொண்டு ஓடுகிற அளவுக்கு எடை குறைந்துவிட்டன. யாருடைய குணமும் மாற வேண்டியதில்லை.

மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்தில் பழசு புதுசு எல்லாக் கார்களுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கினார்கள், கார் திருட்டு சடசடவென்று இறங்கி அப்படியே நின்றது. ஒருவனையும் திருத்தவில்லை, ஒருவனையும் தூக்கில் போடவில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்தால் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து பாதி அழைப்புகள். அந்த 3 சதவீதத்தில் விளக்குப் போட்டு, ரோந்து விட்டு, மூட வேண்டிய கடையை நேரத்துக்கு மூடினால் முதலில் பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம் உட்கார்ந்து தத்துவம் பேசலாம்.

---

கறார்:

இங்கே பூட்டினால் அவன் அடுத்த தெருவுக்குப் போவான். இது தெரியாதா?

---

திருப்புளி:

சில நேரம் போவான், அரைகுறையாகச் செய்தால் கட்டாயம் போவான். ஜெர்மனிக்குப் பிறகு பிரிட்டன் அதே பூட்டைப் புதுக் கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது, திருடர்கள் பேசாமல் பழைய கார்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஆனால் ரோந்து, விளக்கு மாதிரி விஷயங்களில் ஆராய்ந்து பார்த்தவரை, தடுத்தது முழுசும் அடுத்த தெருவுக்குப் போவதில்லை, பல இடங்களில் பக்கத்துத் தெருவிலும் சேர்த்தே குறைந்திருக்கிறது. திருடனுக்கும் பழகின இடம், சோம்பல், பயம் எல்லாம் உண்டு சார், அவனும் சுலபமானதைத்தான் தேடுகிறான்.

---

தெருவிளக்கு:

அரைப்பக்கம் சாருக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த மூன்று நான்கு வயசிலேயே அடையாளம் தெரிகிற சிறுகூட்டம் என்றீர்களே, அதை முன்கூட்டியே கண்டுபிடித்து ஏதாவது செய்யலாம் என்றால், அதுவே இன்னொரு முத்திரை ஆகிவிடாதா? மறுவாசல் சொன்ன 1871 சட்டத்தின் சின்ன வடிவம் மாதிரி இருக்கிறதே.

---

அரைப்பக்கம்:

ஆகும், அதனால்தான் நான் அதற்கு எதிரி. அந்த அடையாளங்கள் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர்ந்து எந்தக் குற்றமும் செய்வதில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் தெரிகிற கோடு முன்னால் பார்த்தால் தெரியாது. பிள்ளையைக் குறிவைக்காமல் இடத்தைக் குறிவைப்பது ஒரு வழி: அந்த வட்டாரத்தில் இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் நல்ல முன்பருவப் பள்ளி, எல்லாப் புது அம்மாவுக்கும் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு நர்ஸ். யார் பெயரும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. செலவு அதிகம், பலன் தெரிய இருபது வருடம் ஆகும், தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிறது.